மேலே இருந்த பெட்டி

பாப்பா,

இது அப்பா எழுதுவது. அம்மாவிடம் சொல்லி எழுதவைத்தது இல்லை, நானே எழுதுவது. எழுத்து ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும், வரி மேலே ஏறிப்போகும், பொறுத்துக்கொள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் முடிகிறது. அதற்கே கட்டைவிரல் வலிக்கிறது. ஆனாலும் காலையில் கண் விழித்ததும் இன்றைக்கும் ஒரு பக்கம் இருக்கிறது என்ற நினைப்பு வருகிறது, உடனே எழுந்துவிடுகிறேன். எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நீயும் பள்ளியை விட்ட பிறகு தமிழை மெதுவாகத்தான் படிக்கிறாய். நான் எழுதுகிற வேகமும் நீ படிக்கிற வேகமும் ஒத்துப்போகும்.

இன்னும் மூன்று வாரத்தில் நீ மெல்போர்னுக்குப் புறப்படுகிறாய். கேம் செய்கிற கம்பெனியில் வேலை. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நீ விமானம் ஏறுவதற்குள் ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லிவிட வேண்டும். உனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது உன் பள்ளியில் கம்ப்யூட்டர் கேம் செய்யக் கற்றுக்கொடுக்க ஒரு வார முகாம் நடந்தது. அதற்கு உன்னை அனுப்ப முடியாது என்று நான் மறுத்துவிட்டதாகப் பதினாறு வருஷமாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் மறுக்கவில்லை. நீ அப்படி நினைக்கிறாய் என்பதே எனக்குப் போன வருஷம்தான் தெரியவந்தது. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நீயும் உன் தோழி வேய் லிங்கும் அந்தச் சின்ன கேமைச் செய்தீர்களே, அந்த இரண்டு நாளில். அதனால் அந்த இரண்டு நாளின் கதையைச் சொல்லித்தான் இதைச் சொல்ல முடியும்.

அதற்கு முன்பு ஒன்று. எனக்குப் படிக்கத் தெரியாது. தெரியாமல் இருந்தது என்று எழுத வேண்டும், இன்னும் பழகவில்லை. எட்டு வயதில் ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடையில் திருகாணி பிரிக்க உட்கார்ந்தவன் நான். எண்கள் தானாக வந்துவிட்டன, எழுத்து வரவில்லை. பிறகு சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை, முப்பத்தொரு வருஷம். அங்கே சரக்கில் கட்டியிருக்கும் அட்டையின் நிறம், அதன் மேல் இருக்கும் படம், எண், இவ்வளவு போதும். மீதியைப் பக்கத்தில் நிற்பவனிடம் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம். வீட்டுக்கு வரும் தாள்களை எல்லாம் உன் அம்மா படித்துச் சொல்வாள். அவள் வேலைக்குப் போன நேரத்தில் ஏதாவது வந்தால் எனக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தாள். "மேலே இருக்கிற பெட்டியில டிக் போடுங்க, கீழே கோட்டுல கையெழுத்து. மேல் பெட்டி எப்பவும் சரிங்கிறதுதான்." விலங்குப் பண்ணைக்குக் கூட்டிப்போகிற தாள், ஊசி போடுகிற தாள், நீச்சல் வகுப்புத் தாள், எல்லாவற்றிலும் அப்படித்தான் போட்டேன். எல்லாவற்றுக்கும் நீ போய்வந்தாய். உன்னிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. நீ பள்ளியில் பரிசு வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளை. அப்பாவுக்கு உன் மதிப்பெண் அட்டையைப் படிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அது வெட்கம். வேறு நல்ல பெயர் அதற்கு வைக்கவில்லை.

இனி அந்த இரண்டு நாள். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் போட்டி ஆரம்பம், ஞாயிறு மாலை ஏழு மணிக்குள் ஒரு கேமைச் செய்து அனுப்பிவிட வேண்டும், ஒரு நிமிடம் தாண்டினாலும் வாங்கமாட்டார்கள் என்று நீ சொன்னாய். வேய் லிங் வீட்டில் குளியலறையை இடித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் செங்காங்கில் நம் வீட்டுக்கு வந்தீர்கள். நீ புரோகிராம் எழுதுகிறவள், அவள் படம் வரைகிறவள். போட்டிக்காரர்கள் கொடுத்த தலைப்பு சமநிலை. நீங்கள் இரண்டு பேரும் கால் மணி நேரம் தராசு, சைக்கிள், கயிறு என்று பேசிவிட்டு, நீ சட்டென்று என் பக்கம் திரும்பினாய்.

"அப்பா, பிளேன்ல வால் உக்காந்துடும்னு சொல்வீங்கள்ல. அதை இவளுக்குச் சொல்லுங்க."

சொன்னேன். அவளோடு பேச்செல்லாம் ஆங்கிலம்தான், நான் தமிழில் எழுதுகிறேன். விமானம் தரையில் நிற்கும்போது முன் வயிற்றிலும் பின் வயிற்றிலும் சரக்கு இருக்கும். பின்னால் பாரத்தை வைத்துக்கொண்டு முன்னால் இருப்பதைக் காலி பண்ணிக்கொண்டே போனால் மூக்கு மேலே தூக்கிவிடும், வால் தரையில் உட்கார்ந்துவிடும். வேய் லிங் பேனாவை எடுத்து ஒரு குண்டு விமானத்தை வரைந்தாள், மூக்கு ஆகாயத்தைப் பார்த்தபடி. "அங்கிள், இது மாதிரியா?" இது மாதிரிதான் என்றேன். அதுதான் உங்கள் கேம் ஆயிற்று. பெட்டிகள் ஓடுகிற பட்டையில் வரும், முன்னாலும் பின்னாலும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும், வால் உட்காரக் கூடாது, கதவு மூடுவதற்குள் முடிக்க வேண்டும். என் வாழ்க்கை ஒரு விளையாட்டாகும் என்று நான் எங்கே கண்டேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்தான்.

சனிக்கிழமை நீங்கள் செய்த தப்பை நான் முப்பத்தொரு வருஷம் பார்த்திருக்கிறேன். நேரம் நிறைய இருக்கிறது என்று தோன்றும்போது எல்லாரும் எல்லாவற்றையும் ஏற்றப் பார்ப்பார்கள். காலையில் ஒரு விமானம் என்றீர்கள். மதியத்துக்குள் மூன்று விமானம், மழை, மின்னல், கூண்டில் ஒரு நாய், அந்த நாய் குரைத்தால் பெட்டி ஆடும். மீசை வைத்த ஒரு கிழவன் வேறு நின்று கத்துவான், அது நான்தான் என்று வேய் லிங் ஒப்புக்கொள்ளவே இல்லை. மாலையில் பார்த்தால் மழை பெய்கிறது, நாய் குரைக்கிறது, பெட்டி மட்டும் விமானத்துக்குள் போகமாட்டேன் என்கிறது. நீ நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"எங்க வேலையில கதவு மூடுற நேரம் மாறாது. ஏறினது போகும், ஏறாதது கீழே நிக்கும். எதை நிறுத்தணும்னு முன்னாடியே சொல்லிடணும், கடைசியில சொன்னா சண்டை வரும்" என்றேன்.

"அப்பா, இது கார்கோ இல்ல."

"அங்கிள் சொல்றது சரிதான் லா" என்றாள் வேய் லிங். "ஆனா நாய் இருக்கணும்."

"நாய்தான் முதல்ல இறங்குது" என்றாய் நீ.

"மூணு மணி நேரம் வரைஞ்சேன்."

"தெரியும். அதான் சொல்றதுக்கே பயமா இருக்கு."

அவள் நாயை எடுத்தாள். பிறகு அவளே மழையையும் எடுத்துவிட்டாள். ஒரு விமானம், ஒரு பட்டை, பத்துப் பெட்டி. அன்றிரவு எட்டு மணிக்கு முதல் பெட்டி உள்ளே போய் உட்கார்ந்தது. மூன்று பேரும் கைதட்டினோம். அம்மா என்னமோ ஏதோ என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். பாப்பா, நீ இனிமேல் பெரிய பெரிய வேலை செய்வாய். விருப்பமானதை இறக்கிவைக்க வேண்டியிருக்கும்போது அதைச் செய்தவரிடம் நேராகப் போய்ச் சொல். அன்றைக்கு நீ சொன்ன மாதிரி, பயந்துகொண்டே சொல்.

ஞாயிறு காலை என்னை உட்காரவைத்து விளையாடச் சொன்னீர்கள். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. பெட்டியைப் பார்த்தால் எங்கே போகும் என்று கைக்கே தெரியும். ஆனால் நீ பக்கத்தில் நின்றுகொண்டு இதை அமுக்குங்க, அதை இழுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். வேய் லிங் உன் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ சும்மா இரு. விளையாடுற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் நீ பக்கத்துல நிப்பியா? அங்கிள் என்ன பண்றாருன்னு மட்டும் பாரு." நீ வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாய். அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உன் முகத்தில் தெரிந்தது.

பத்து மணி வாக்கில் வேய் லிங் முதல் பக்கத்தை வரைந்து சேர்த்தாள். அதற்கு முன்பு கேம் திறந்ததுமே பெட்டி வர ஆரம்பித்துவிடும். இப்போது அந்தக் குண்டு விமானத்தின் படம், அதன் மேல் இரண்டு பட்டன். இரண்டிலும் ஆங்கில எழுத்து. நான் மேலே இருந்ததை அமுக்கினேன். கேம் மூடிக்கொண்டது. திரும்பத் திறந்து கொடுத்தாய். மேலே இருந்ததை அமுக்கினேன். மூடிக்கொண்டது. மூன்றாவது தடவையும்.

"அப்பா, ஏன் அதையே அமுக்குறீங்க? அது வெளியே போற பட்டன்."

"கை தவறிடுச்சும்மா."

"விமானத்தோட கதவு மேலே இருக்குல்ல, அதனால வெளியே போறதை அங்க வெச்சேன்" என்றாள் வேய் லிங். நீ என்னைப் பார்த்தாய், அந்த முதல் பக்கத்தைப் பார்த்தாய். நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

மதியம் கீழே காப்பிக்கடையிலிருந்து மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி வந்து சாப்பிட்டீர்கள். நான் உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். வேய் லிங் உன்னிடம், இதையெல்லாம் நீ எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டாள். நீங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினீர்கள். பேசுகிற ஆங்கிலம் எனக்குப் புரியும், ஏர்போர்ட்டில் வேறு எதைப் பேசினோம். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். பதினான்கு வயதில் பள்ளியில் ஒரு முகாம் வைத்தார்கள், ஆசிரியரே என்னைத் தேர்ந்தெடுத்தார், அப்பா தாளில் வேண்டாம் என்று டிக் போட்டுவிட்டார், ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, அதனால் நூலகத்தில் புத்தகம் எடுத்து நானே படித்தேன் என்றாய். "பாவம், செலவைப் பார்த்துப் பயந்திருப்பார்" என்றும் சொன்னாய். எனக்குச் சாதகமாகத்தான் பேசினாய். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு அந்த வாரம் நன்றாக நினைவிருக்கிறது. அம்மா அவள் அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் திருச்சி போயிருந்தாள். நீ மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். நான் மேல் பெட்டியில் டிக் போட்டேன், கையெழுத்துப் போட்டேன், நாலாக மடித்து உன் பையில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து நீ பள்ளியிலிருந்து வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். உன் பள்ளியிலேயே படித்த அடுத்த வீட்டுப் பையனிடம் கேட்டேன். ஏதோ கேம் முகாமாம், அதில் உன் பெயர் வரவில்லையாம் என்றான். சரி, பள்ளியில் எடுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உனக்குப் பிடித்த முட்டைப் பராட்டா வாங்கி வந்து கதவுக்கு வெளியே நின்று, "விடு பாப்பா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றேன். நீ கதவைத் திறக்கவில்லை. நான் ஆறுதல் சொன்னதாக நினைத்தேன். வேண்டாம் என்று டிக் போட்டவன் அதே வாயால் அடுத்த தடவை என்கிறான் என்று நீ நினைத்திருப்பாய். ஒரே வார்த்தை, கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அந்தத் தாளில் மட்டும் மேல் பெட்டி வேண்டாம் என்பதாக இருந்திருக்கிறது. காலையில் மூன்று தடவை மேல் பட்டனை அமுக்கி வெளியே போனவனுக்கு இது புரிய அதிக நேரம் ஆகவில்லை.

டீயை எடுத்துக்கொண்டு வெளியே வந்து அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்னும் ஐந்து மணி நேரம்தான் இருந்தது, உங்கள் வேலையைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை.

ஆறு மணிக்கு எல்லாம் முடிந்தது, அனுப்பிவிடலாம் என்றாள் வேய் லிங். நீ வேண்டாம் என்றாய். முதல் பக்கத்தை மாற்ற வேண்டும் என்றாய். எழுத்தை எடுத்துவிட்டுப் படம் போடலாம், விளையாடுவதற்குப் பறக்கிற விமானம், அதை மேலே, பெரிதாக. வெளியே போவதற்கு ஒரு கதவு, அதைக் கீழே, மூலையில், சின்னதாக.

"ஒரு மணி நேரம்தான் இருக்கு" என்றாள் அவள். "இப்ப தொட்டா ஏதாவது உடையும். விளையாடுறவங்க படிச்சுப் பார்த்து அமுக்குவாங்க லா. அங்கிளுக்குக் கை தவறிடுச்சு, அவ்வளவுதான்."

நீ லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய். "மூணு தடவை ஒருத்தர் தெரியாம வெளியே போனா, தப்பு அவர்கிட்ட இல்ல. நாம வெச்ச கதவுல."

நான் சோபாவில் செய்தி பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்தச் செய்தியில் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. அவ்வளவு வருஷம் நான் என்னைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். எதையாவது தப்பாக அமுக்கினால், தப்பான வாசலில் நின்றால், எனக்குப் படிப்பில்லை, என் தலையெழுத்து என்பேன். நீ அப்படிச் சொன்னதும் முதுகிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளித் தாளில் தப்பு தாளில் மட்டும் இல்லை. கேட்க வாய் இருந்தும் கேட்காத என்னிடமும் இருந்தது.

வேய் லிங் சொன்ன மாதிரியே உடைந்தது. படம் வந்தது, பெட்டி வரவில்லை. ஆறரை மணி. நீ எதையெதையோ தட்டினாய். பிறகு நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, ஐந்தரை மணிக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பிரதியை எடுத்தாய், அதில் அந்தப் படங்களை மட்டும் வைத்தாய். "அப்பா, வாங்க." நான் வந்து மேலே இருந்ததை அமுக்கினேன். விமானம் பறந்தது, பெட்டி வந்தது. ஆறு ஐம்பத்து மூன்றுக்கு அனுப்பினீர்கள். பரிசு ஒன்றும் வரவில்லை. ஆனால் யாரோ ஒருவர், எங்கள் வீட்டு நாலு வயதுப் பிள்ளை யாரும் சொல்லிக்கொடுக்காமல் விளையாடிவிட்டது என்று எழுதியிருந்ததை நீ எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாய்.

அன்றைக்குத்தான் படிப்பது என்று முடிவு செய்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்று வாயால் சொன்னால் அது சாக்கு மாதிரி இருக்கும், எழுதிக் காட்டினால் நம்புவாய் என்று நினைத்தேன். அம்மாவிடம் கேட்டேன். "நாப்பது வருஷமா நான்தான் படிச்சு சொன்னேன், இப்ப என்ன திடீர்னு என் மேல நம்பிக்கை இல்லையா" என்று ஆரம்பித்தாள். காரணத்தைச் சொன்னதும் வெட்டிக்கொண்டிருந்த பீன்ஸை வைத்துவிட்டாள். "நான்தானே மேல் பெட்டின்னு சொன்னேன்" என்றாள். இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஆறு வாரம் படித்தோம், ஆறு வாரமும் சண்டை. பிறகு செல்வம் கிடைத்தான். நம் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்தில் புதுக் கட்டடம் கட்டுகிறார்களே, அங்கே வேலை செய்கிறவன், ஊர் புதுக்கோட்டை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நம் புளோக்கின் கீழே வந்து உட்காருவான். ஞாயிற்றுக்கிழமை நான் அவனோடு தமிழ்க் கடைகள் இருக்கிற தேக்காவுக்குப் போவேன். சிராங்கூன் சாலைக் கடைப் பலகைகள்தான் பாடப் புத்தகம். "இதைப் படிங்க அண்ணே, படிச்சாதான் டீ" என்பான். நான் நின்று படித்து முடிப்பதற்குள் பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொண்டு போவார்கள்.

நான் யார் உதவியும் இல்லாமல் முதலில் படித்தது என்ன தெரியுமா? அவன் வேலை செய்கிற இடத்து வேலியில் நாலு மொழியில் எழுதிய பலகை. அபாயம், உள்ளே வராதே. அதே மாதிரிப் பலகைக்கு அடியில் சாங்கியில் எத்தனை வருஷம் நின்று சாப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்து அங்கேயே சிரித்துவிட்டேன். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் செங்காங் என்று தமிழில் எழுதியிருப்பதை அடுத்த வாரம் படித்தேன். ரயிலை இரண்டு தடவை விட்டுவிட்டு நின்று பார்த்தேன்.

இதுவரை எழுதியது வெள்ளிக்கிழமை வரைக்கும். இனி எழுதுவது திங்கட்கிழமை.

நேற்று நீ பெட்டி கட்ட வந்தாய். நோட்டுப் புத்தகத்தை நான் மறைக்கவில்லை, மேசையிலேயே வைத்திருந்தேன். ஆனால் நீ அதை எடுப்பதற்கு முன்பு என் வாய் முந்திக்கொண்டது. அடுப்படியில் நின்று சொல்லிவிட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாது, அந்தத் தாளில் என்ன இருந்தது என்று தெரியாமல் டிக் போட்டேன், உன்னைப் பள்ளியில் எடுக்கவில்லை என்று நினைத்தேன், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று.

நீ ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "படிக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்ப்பா."

"எப்போலேருந்து?"

"பத்து வயசுலேருந்து. லிஃப்ட்ல ஒட்டின நோட்டீஸைப் பார்த்துட்டு, கண்ணாடி கொண்டுவரலை, என்ன போட்டிருக்குன்னு கேப்பீங்க. கண்ணாடி சட்டைப் பையில இருக்கும்."

"கேட்டிருக்கலாம்ல."

"நீங்க மறைச்சீங்க. நானும் பாக்காத மாதிரி இருந்தேன். ஆனா அந்த ஃபார்ம், அம்மாகிட்ட ஃபோன்ல கேட்டுத்தான் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் வேண்டாம்னு சொன்னீங்கன்னு." பிறகு உன் குரல் மாறியது. "அன்னைக்கு கேமோட முதல் பக்கத்தை மாத்தினேனே, உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னுதான் மாத்தினேன். அப்பகூட எனக்கு இது ரெண்டையும் சேர்த்துப் பாக்கத் தோணலை."

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது, உனக்கு ஒன்று தெரிந்திருந்தது. இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் நோகடிக்கக் கூடாது என்று ஒரே வீட்டில் பதுங்கிப் பதுங்கி நடந்திருக்கிறோம். நீ அழுதாய், நானும் கொஞ்சம். அம்மா வந்து, "இப்ப அழுது என்ன, ரசம் ஆறுது" என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். சாப்பிட்ட பிறகு நீ நோட்டைப் புரட்டிப் பார்த்தாய். "முடிச்சுக் குடுங்கப்பா. பிளேன்ல படிக்கிறேன்" என்றாய். அதனால்தான் முடிக்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட பிறகு எழுதுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. இன்றைக்கு விரல்கூட வலிக்கவில்லை.

நீ போகிற இடத்தில் உனக்குப் புரியாத தாள் வரும், புரியாத பேச்சு வரும். புரிந்த மாதிரி தலையாட்டாதே. பக்கத்தில் இருப்பவரைக் கேள். வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம் ஒரு நிமிடத்தில் போய்விடும். கேட்காமல் விட்டது பதினாறு வருஷம் இருக்கும், நான் பார்த்துவிட்டேன். யாராவது உன்னிடம் கோபமாக இருந்தால் கதவுக்கு வெளியே நின்று ஆறுதல் சொல்லாதே. என்ன நடந்தது என்று முதலில் கேள். நீ செய்கிற கேமை யாராவது தப்பாக விளையாடினால் அன்றைக்குச் செய்த மாதிரி கதவை மாற்றிப் பார். ஆனால் அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் பழைய பிரதியை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டு மாற்று. வேய் லிங் என்னை இதைக் கட்டாயம் எழுதச் சொன்னாள்.

இவ்வளவு சொல்கிற நானே ஒன்றை இன்னும் கேட்கவில்லை. நேற்றும் கேட்க மறந்துவிட்டேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் முகாமில் இருந்த அந்த ஒரு வாரம் நீ என்ன செய்தாய் பாப்பா? மதியம் எங்கே போனாய், யாரோடு சாப்பிட்டாய், நூலகத்தில் முதலில் எந்தப் புத்தகத்தை எடுத்தாய், எங்கள் மேல் எவ்வளவு கோபமாக இருந்தாய்? குறைக்காமல் எழுது. அங்கே போய் வீடு பார்த்து உட்கார்ந்த பிறகு, நேரம் எடுத்துக்கொண்டு, தமிழில், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு எழுது. உறையின் மேல் அம்மா பெயர் வேண்டாம், என் பெயரைப் போடு. நானே பிரித்துப் படித்துக்கொள்வேன்.

அப்பா